ஹபீபுல்லா அறிவித்த போர்

"வாப்பா, யாரச் சுடப் போறீய?"

கையில் போனோடு அடுப்படி வாசலில் வந்து நின்று ஷிஃபா கேட்டபோது ஹபீபுல்லா ஆப்பத்தைத் தேங்காய்ப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"நான் யாரம்மா சுடப் போறேன்?"

"நம்ம தெரு குரூப்புல நீங்கதான போட்டிருக்கீய. வாசிக்கேன், கேளுங்க. 'சுடலாம். நாளை தொழுகை முடிந்ததும் போர் ஆரம்பம். ஆட்களோடு வந்துவிடவும். எவன் தடுத்தாலும் நிறுத்த வேண்டாம். ஆழமாக இறக்கிவிடுவோம்.'"

வாசித்து முடிப்பதற்குள் ஷிஃபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆப்பச்சட்டியின் முன் நின்ற அவள் உம்மா நூர்நிஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ஹபீபுல்லா சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். வடகரையில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. கிணறு வற்றிவிட்டது. கடையத்திலிருந்து போர் போடும் லாரி வைத்திருக்கும் சுடலைக்கண்ணுவைப் பேசி முடித்திருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகை முடிந்ததும் வேலையை ஆரம்பிக்கலாம் என்று காலையில் அவனுக்குச் செய்தி அனுப்பினார். கண்ணாடியைத் தேட அலுப்பு. போனை வாயருகே பிடித்து, "சுடலை, நாளை தொழுகை முடிந்ததும் போர் ஆரம்பம்" என்று எழுத்துத் தமிழிலேயே பேசினார். போன் கேட்டு எழுதியது. சுடலை, சுடலாம் ஆனான். கண்ணாடி இல்லாத விரல் சுடலைக்கண்ணுவுக்குப் பதிலாகத் தெரு குரூப்பை அமுக்கியது.

பக்கத்துத் தோப்புக்காரர் லாரி நுழையும் பாதையைப் பற்றி முணுமுணுத்திருந்தார். அதற்காகத்தான் எவன் தடுத்தாலும் நிறுத்த வேண்டாம் என்றது. ஆழமாக இறக்குவது குழாயை.

"இதுக்குப் போயி ஏன் மொகம் வெளுத்துப் போச்சு?" என்றாள் நூர்நிஷா.

"சிரிக்காத. எம் பேரு ஹபீபுல்லா. தொழுக முடிஞ்சதும் போருன்னு எழுதியிருக்கேன். முதல் வார்த்த சுடலாம். ஒருத்தனப் புடிச்சு உள்ள போடதுக்கு வேற என்ன வேணும்?"

ஷிஃபாவின் சிரிப்பு நின்றது. விளையாட்டாகத் தொடங்கிய காலை அந்த ஒரு கேள்வியில் நிறம் மாறிவிட்டது.

ஹபீபுல்லா பயந்த மனிதர். இருபது வருடத்துக்கு மேல் சவூதியில், தம்மாமில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றவர். அங்கே வெளியே இறங்கும்போதெல்லாம் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி அட்டை இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். ஊருக்கு வந்து வருடங்கள் ஆகியும் போலீஸ் ஜீப்பைப் பார்த்தால் கை தானாகப் பைக்குப் போகும். தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்வார். மீன்காரனிடம் பேரம் பேசக்கூட நூர்நிஷாதான் போக வேண்டும்.

"அழிச்சிருவோம் வாப்பா. அஞ்சு செகண்டு வேல" என்று ஷிஃபா போனை நீட்டினாள்.

அவளிடமே கொடுத்திருக்கலாம். அவசரத்தில் அவரே வாங்கினார். செய்தியை அமுக்கிப் பிடித்தார். ஏதோ இரண்டு மூன்று வரிகள் வந்தன. அதில் ஏதோ ஒன்றை அமுக்கினார். செய்தி மறைந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், போயிட்டு."

ஷிஃபா தன் போனைப் பார்த்தாள். "வாப்பா, உங்க போன்ல மட்டும் போயிட்டு. மத்த எல்லாருக்கும் இருக்கு."

"அப்ப மறுபடி அழி."

"உங்க போன்ல இருந்தாத்தான அழிக்க முடியும்? இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

ஆக, எழுதியவரைத் தவிர தெருவே அதை வைத்திருந்தது. யாராவது இதைப் படம் எடுத்து எங்காவது அனுப்பினால்? அங்கிருந்து அது இன்னோர் இடத்துக்குப் போனால்? தென்காசியில், திருநெல்வேலியில், சென்னையில், பேர் தெரியாத அதிகாரி ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 'சுடலாம்' என்பதற்கு அடியில் கோடு போடுவது அவருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"ஒரு விளக்கம் போட்டுருதேன்" என்றார். இந்த முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். *காலையில் போட்டது தவறு. போர் தண்ணீருக்காகத்தான். யாரும் பயப்பட வேண்டாம். வெளியே யாருக்கும் காட்ட வேண்டாம்.*

அனுப்பியபிறகுதான் ஷிஃபாவிடம் காட்டினார்.

"ஐயோ வாப்பா, தண்ணிக்காகப் போர்னா அடுத்த ஊர்க்காரனோட சண்டைக்குப் போற மாதிரில்லா இருக்கு! அதுல வேற வெளிய காட்டாதீங்கன்னு போட்டிருக்கீய!"

அதற்குள் பதில்கள் வர ஆரம்பித்துவிட்டன. கீழவீட்டு இத்ரீஸ் எழுதினான்: *நானும் வாரேன் மாமா.* முகம்மது சலீம்: *எங்க வீட்ல ரெண்டு பேரு வருவோம்.* வேறொருவர்: *முதல் ஆளா நான் நிப்பேன் பாய். பிரியாணி உண்டா?* கட்டை விரல்கள் வரிசையாக விழுந்தன.

ஒவ்வொரு விரலும் ஹபீபுல்லாவுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்தாகத் தெரிந்தது.

"நாசமாப் போறவனுவ! ஆள் சேருதானுவ! எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிட்டுப் போவான் போலீஸ்காரன்!"

"லாரி வரதப் பாக்க வாராங்க. உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்றாள் நூர்நிஷா.

அவர் காதில் விழவில்லை. போரே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். தண்ணீர் இல்லாமல் தென்னை பட்டுப்போனாலும் போகட்டும். விறுவிறுவென்று இரண்டே வார்த்தை தட்டி அனுப்பினார். *போர் நிறுத்தம்.*

ஷிஃபா தலையில் கை வைத்தாள்.

பதில் உடனே வந்தது. *எவன் தடுத்தான் பாய்? பேர மட்டும் சொல்லுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்.*

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தெரியாத எண். நூர்நிஷா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வடகரை ஹபீபுல்லா அண்ணாச்சிதான? ஸ்டேஷன்ல இருந்து இசக்கிச்செல்வி பேசுதேன், கான்ஸ்டபிள். எஸ்.ஐ. ஐயா உங்கள இன்னைக்கே பாக்கணும்ங்காங்க."

சட்டியில் ஆப்பம் கருகியது.

"எ... எதுக்கும்மா?"

"உங்க தெரு விஷயமாத்தான். போன்ல பேசக்கூடாது, நேர்ல பேசிக்கிடுதேன்னு சொன்னாங்க. ஐயா சீசன் டூட்டில குத்தாலத்துல இருக்காங்க. மெயின் அருவிப் பக்கத்துல போலீஸ் கூடாரம் இருக்கும். மத்தியானத்துக்குள்ள வந்துருங்க, என்ன?"

பேச்சு முடிந்தது. ஹபீபுல்லா எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வைக்கோல் போர் நின்றது. அதில் தோள்வரை கையை விட்டு, போனை உள்ளே திணித்தார். மேலே வைக்கோலை இழுத்து மூடினார்.

"அத எதுக்கு அங்கன கொண்டு வைக்கீய?" என்று நூர்நிஷா பின்னாலேயே வந்தாள்.

"ஆதாரம்லா அது. கேட்டா தொலஞ்சு போச்சுன்னு சொல்லிருவேன்."

பசு திரும்பி அவரைப் பார்த்தது. அதுவும் சாட்சி சொல்லுமோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

தனியாகப் போகத் தைரியம் இல்லை. பண்பொழிப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருக்கும் சிவசைலத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அன்றைக்கு உள்ளூர் விடுமுறை. சிவசைலம் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, பயப்படுவதற்குப் பதிலாக மகிழ்ந்துபோனார். இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்துக்காக அவர் பல வருடமாகக் காத்திருந்தது போலத் தெரிந்தது.

"ஏ ஹபீபு, இது ரொம்ப எளிய விஷயம்லே. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான்னு அந்த எஸ்.ஐ. நெனச்சுக்கிட்டு இருக்கான். போர்னா யுத்தம் மட்டுமா? வைக்கோல் குவியலும் போர்தான். சதய நட்சத்திரத்துக்கும் போர்னு ஒரு பேரு உண்டு. நீ போடுதது இங்கிலீஷ்ல இருந்து வந்த போர், தொளைக்கது. வகுப்புல பயலுவ கொட்டாவி விட்டுக்கிட்டு 'போர்'னு சொல்லுதானுவளே, அதுவும் அங்கன இருந்து வந்ததுதான்."

"எஸ்.ஐ. கிட்ட இதெல்லாம் சொன்னா விட்டுருவானா?"

"வேரச் சொன்னா விட்டுருவான். யுத்தங்குற போருக்கு வேரு 'பொரு'. பொருதல்னா ஒண்ணோட ஒண்ணு மோதுதது. ஆனா அகராதியப் பாரு, அதே பொருதலுக்குப் பொருந்துததுன்னும் ஒரு அர்த்தம் போட்டிருக்கும். மோதுததும் சேருததும் ஒரே வேருலே! எம்புட்டு அழகு!"

ஹபீபுல்லாவுக்கு அதில் அழகு எதுவும் தெரியவில்லை. லாக்கப் கம்பிதான் தெரிந்தது. ஆனாலும் கூட வர ஓர் ஆள் கிடைத்துவிட்டதே என்று சிவசைலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிவசைலம் தலையணை அளவு அகராதி ஒன்றை எடுத்து வந்தார். அதை ஹபீபுல்லாவிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். இலஞ்சியைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் முகத்தை நீட்டி அந்தத் தூறலை வாங்கிக்கொள்வார் ஹபீபுல்லா. இன்றைக்கு அகராதி நனைந்தால் தன் கதி என்ன என்று ஒரே கவலை. சட்டைக்குள் அதைத் திணித்து, மேலே பொத்தானைப் போட்டு, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. தலையில் எண்ணெய் வழிய ஆட்கள் வெறும் உடம்போடு நடந்தார்கள். அருவிக்குப் போகும் பாதையில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்று, சாராயப் பாட்டில் கொண்டு போகிறார்களா என்று பைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹபீபுல்லா அவர்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கை சட்டைப் பைக்குப் போனது. பை இருந்த இடத்தில் அகராதி இருந்தது.

"என்ன பாய், வயித்துல என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாமலா சதுரமா இருக்கு? வெளிய எடுங்க. மெதுவா."

'மெதுவா' என்றதும் ஹபீபுல்லா வயிற்றை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார். "அகராதிங்க" என்றார். குரல் வெளியே வரவில்லை. போலீஸ்காரருக்கு அது "அ... தி..." என்றுதான் கேட்டது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அதைப் பார்த்து ஹபீபுல்லாவும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

சிவசைலம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, "தமிழ் அகராதி சார். எஸ்.ஐ.க்குக் காட்டக் கொண்டு போறோம்" என்று பொத்தானைக் கழற்றி எடுத்துக் காட்டினார். போலீஸ்காரர் புரட்டிப் பார்த்தார். இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வழி விட்டார்.

கூடாரம் அருவிக்கு மிக அருகில் இருந்தது. மேலே நல்ல மழை போல. பேரருவி வெள்ளையாக, கனமாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. எஸ்.ஐ. தேவா, இளவயதுக்காரர், மழைக்கோட்டோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வயர்லெஸ்ஸும் கையுமாக ஒரு பெண் கான்ஸ்டபிள். அவள்தான் இசக்கிச்செல்வி.

"வாங்க பாய்! உக்காருங்க!" என்று எஸ்.ஐ. கத்தினார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் ஹபீபுல்லாவை அதிகம் பயமுறுத்தியது. உட்காராமல் கைகட்டி நின்றார்.

"உங்களப் பத்தி நல்லா விசாரிச்சுட்டேன்!"

ஹபீபுல்லா சிவசைலத்தின் பின்னால் அரையடி ஒதுங்கினார்.

"நாலு தெருவுலயும் கேட்டேன்! எல்லாரும் ஒரே வாக்கா உங்களத்தான் கையக் காட்டுதாங்க!"

காட்டிக்கொடுத்துவிட்டார்கள். இத்ரீஸ் கூடவா? முதல் ஆளாக நிற்பேன் என்ற இன்னொருவன் முதல் ஆளாகக் கையைக் காட்டியிருக்கிறான்!

"நான் ஒண்ணும் செய்யல ஐயா!"

"அதான! நீங்க ஒண்ணும் செய்ய மாட்டீங்கன்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க! சரி, நீங்க ஒரு வார்த்த சொன்னா எத்தன பேரு கட்டுப்படுவாங்க?"

"ஒருத்தனும் கட்டுப்பட மாட்டான் ஐயா! எம் பொண்டாட்டியே கட்டுப்பட மாட்டா!"

இசக்கிச்செல்வி வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். எஸ்.ஐ. புருவத்தைச் சுருக்கினார்.

"சும்மா சொல்லாதீங்க பாய்! உங்க போனக் குடுங்க, ஒரு சின்ன வேல இருக்கு!"

வந்தது வினை. தொலைந்து போயிற்று என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். ஆனால் காக்கிச் சட்டைக்கு முன்னால் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. தம்மாமிலும் முடிந்ததில்லை.

"போன் போர்ல இருக்கு ஐயா!"

"எதுல?"

"போர்ல! போர்ல!"

"போர்லயா? யாரு கூடப் போரு?"

"மாடு கூட ஐயா! இல்ல, மாட்டுக்குப் பக்கத்துல!"

சிவசைலம் இதற்குத்தான் காத்திருந்தார். செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, இந்த எடத்துலதான் நாம சொல்லோட வேருக்குப் போகணும்! போர்னதும் நீங்க ஆயுதத்த நெனைக்கக்கூடாது! நான் ஆதாரத்தோட வந்திருக்கேன்!" என்று அகராதியைத் திறந்தார். திறக்கவில்லை. ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டு, பகர வரிசை முழுக்கச் செங்கல் போல இருந்தது. நகத்தால் பிரித்தார். 'பொங்கல்' பாதியோடு கையில் வந்தது. 'போர்' வரவில்லை.

"நீங்க யாரு சார்?"

"தமிழாசிரியர்! பொருதல்னா மோதுததுன்னும் அர்த்தம், பொருந்துததுன்னும் அர்த்தம்! இவரு செய்யப் போற போர்ல மோதல் கெடையாது! தொளைக்க மட்டும்தான் செய்வாரு!"

"யாரத் தொளைப்பாரு?"

"தரைய! அறுநூறு அடி!"

எஸ்.ஐ. நாற்காலியை விட்டு எழுந்தார். ஹபீபுல்லாவுக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. எழுந்துவிட்டார் என்றால் அடுத்தது விலங்குதான். ஷிஃபாவுக்கு இனி யார் மாப்பிள்ளை தருவார்கள்? பேப்பரில் தன் படம் எந்தச் சட்டையோடு வரும்? கண்ணில் நீர் முட்டியது. வாழ்நாளில் ஒருவரிடமும் குரலை உயர்த்தாத அந்த மனிதர், இருந்த உயிரையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து கத்தினார்.

"போர் வராதுய்யா! சத்தியமா வராது! நான் சொல்லுதேன், போர் வராது!"

அருவிச் சத்தத்தில் 'வராது' யாருக்குக் கேட்கும்? கம்பிக்கு அருகே தலையில் சோப்பு நுரையோடு கண்ணை மூடி நின்றிருந்த ஒருவருக்கு, ஒரு தாடிக்காரர் போலீஸிடம் அழுதுகொண்டே "வருது" என்று அலறுவதாகக் கேட்டது.

"என்னது வருது?" என்று அவர் பக்கத்து ஆளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னமோ வருதாம்லே!"

"வெள்ளமா?"

அவ்வளவுதான். "வெள்ளம் வருது!" என்று ஒரு குரல் கிளம்பியது. அருவியில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படியேறினார்கள். எண்ணெய் உடம்புகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கின. ஒருவர் துண்டு மட்டும் தனியாகத் தண்ணீரோடு போனது. ஒரு குடும்பம் தன் பிள்ளை என்று நினைத்து வேறொருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு, பாதி வழியில் பார்த்துத் திரும்பி வந்தது. போலீஸ்காரர்கள் விசிலை ஊதிக்கொண்டு, "வெள்ளம் இல்ல, ஓடாதீங்க!" என்று கத்தினார்கள். விசில் சத்தம் கேட்டதும் இன்னும் வேகமாக ஓடினார்கள். எஸ்.ஐ.யும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார்.

நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. கூட்டம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை ஹபீபுல்லா கூடாரத்துக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். சிவசைலம் இன்னும் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

எஸ்.ஐ. திரும்பி வந்தபோது மழைக்கோட்டுக்கு உள்ளேயும் நனைந்திருந்தார். சிரிப்பு போயிருந்தது.

"நீங்க கெளம்புங்க பாய்."

"எங்க ஐயா?"

"வீட்டுக்கு."

"கேஸு ஒண்ணும் இல்லியா ஐயா?"

"என்ன கேஸு? போங்க பாய். நான் யோசிக்கணும்."

ஹபீபுல்லாவுக்கு நம்ப முடியவில்லை. இரண்டு கையையும் குவித்து எஸ்.ஐ.க்கு ஒரு சலாம் போட்டார். அங்கே நின்ற காலிப் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் ஒன்று போட்டார். சிவசைலத்தின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு படியேறினார். மேலே வந்ததும் மூச்சு வந்தது. சாரல் முகத்தில் விழுந்தது. இப்போது அது இனித்தது.

"பாத்தியா? வேரச் சொன்னதும் விட்டுட்டான்" என்றார் சிவசைலம்.

"உன்ன நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேம்லே."

பழக்கடையில் நின்று ஷிஃபாவுக்கு ரம்புட்டானும் நூர்நிஷாவுக்கு மங்குஸ்தானும் வாங்கினார். பேரம் பேசினார்! கடைக்காரர் சொன்ன விலையைக் குறைக்கச் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. நாளைக்கே சுடலைக்கண்ணுவை வரச்சொல்லிவிட வேண்டும், எவன் என்ன சொன்னாலும் சரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி! நில்லுங்க!"

இசக்கிச்செல்வி. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"புத்தகத்த விட்டுட்டு வந்துட்டீய" என்று அவள் அகராதியை நீட்டினாள். சிவசைலம் வாங்கிக்கொண்டார். தண்ணீர் சொட்டியது.

ஹபீபுல்லா ஒரு ரம்புட்டானை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அந்தத் தைரியத்திலேயே கேட்டுவிட்டார். "ஏம்மா, அந்த மெசேஜ ஐயா பெருசா எடுத்துக்கிடலதான?"

"எந்த மெசேஜு?"

"காலையில தெரு குரூப்புல... போருன்னு..."

"ஓ, அதுவா? எங்க மதினியும் உங்க தெருதான், அவ காட்டிச் சிரிச்சா. நீங்க போர் போடப் போறத நாலு மாசமாப் பாக்குத ஆளுட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்கீயளாமே. தெருவுக்கே தெரியும். எங்க ஐயாவுக்கு அதப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

சிவசைலம் அகராதியைக் கீழே இறக்கினார்.

"அப்ப எதுக்கும்மா என்னக் கூப்பிட்டாரு?"

இசக்கிச்செல்வி ரம்புட்டான் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வாரம் உங்க ஊர்ல கோயில் கொடையும் தர்கா சந்தனக்கூடும் ஒண்ணா வருதுல்லா, சண்ட சத்தத்துக்கே போகாத மனுசன்னு ஊரே சொல்லுதுன்னு உங்கள அமைதிக் கமிட்டிக்குத் தலைவராப் போடத்தான் கூப்பிட்டாங்க, இப்ப உங்க பேச்சக் கேட்டுட்டு, உங்க வீட்டு வாசல்ல ரெண்டு போலீசப் போடச் சொல்லிட்டாங்க அண்ணாச்சி."